கடை நம்பர் போட்டுக்குங்க

பில் மெஷின் விற்க வந்த இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் என் கடைக்குள் வந்து நின்றார்கள். அன்றைக்கு நான் எடுத்த முடிவு சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

கடை மேல் குன்னூரில். பலகையில் 'லூர்து டெலி' என்று எழுதியிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆட்டோக்காரர்களுக்கு அது ஹாம் கடை. பன்றித் தொடையை உப்பில் ஊறவைத்து, புகைபோட்டு, மெல்லிசாகச் சீவித் தருகிற ஹாம், அப்புறம் அதே பன்றிக்கறியில் சாசேஜ், சலாமி, பேக்கன்; கூடவே இரண்டு வகை சீஸ், ரொட்டி. சரக்கு முழுவதும் என் வீட்டுக்காரர் அலோசியஸின் கைவேலை. கல்லாவும் வாயும் என்னுடையவை.

உணவுப் பதிவுச் சட்டம் வந்த வருடம் அது. வைத்தியச் செலவு மொத்தத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருந்தது. ஊசியிலிருந்து இருதய ஆபரேஷன் வரை காலணா கொடுக்க வேண்டாம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷன் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு ஆளுக்கொரு மதிப்பெண் வைத்தார்கள். சொன்ன பத்தியத்தை ஒழுங்காக இருக்கிறவருக்கு முன்னால் இடம்; கண்டதைத் தின்கிறவருக்குப் பின்னால். யார் எதைத் தின்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மெஷின். மார்ச் முடிவதற்குள் உணவு விற்கிற ஒவ்வொரு கடையும் அனுமதி பெற்ற பில் மெஷினை வைக்க வேண்டும், இல்லையென்றால் கதவைச் சாத்திவிட வேண்டும்.

முதலில் பேசியது சம்யுக்தா என்ற பெண். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை.

"இதுக்குப் பேரு விழி, மேடம். கஸ்டமர் எதுவும் சொல்ல வேண்டாம். உள்ள வந்தாலே முகத்தைப் பார்த்துடும். தராசுல வச்சது அவங்க பேர்ல ஏறிடும்."

"வேணாங்கிறவங்க என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"வேணாம்னு சொல்ல வழியே இல்லை மேடம். அதுதான் இதோட சிறப்பே."

அலோசியஸ் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சும்மா ருசி பாக்கக் குடுக்கறோம்ல, அது?"

எங்கள் கடையில் அது வழக்கம். புதுச் சரக்கு என்றால் ஒரு துண்டு சீவி நீட்டுவோம். மென்று பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள்.

"அதுவும் ஏறும் சார். எந்த மெஷின் வாங்கினாலும் சட்டம் ஒண்ணுதான். புகை அறையிலேருந்து இறக்கின எடையும் வெளிய போன எடையும் ஒத்து வரணும். அஞ்சு கிராம் குறைஞ்சாக்கூட யாரோ தின்னிருக்கணும் இல்லையா? அந்த யாரோவுக்குப் பேர் வேணும். இல்லேன்னா மறுநாள் மெஷின் திறக்காது."

மற்றவர் பெயர் வேதமாணிக்கம். ஐம்பது வயதிருக்கும். மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் பெட்டி கறுப்பாக, அழகில்லாமல் இருந்தது.

"இதுக்குப் பேரு எண்ணிங்க. காமிரா கெடையாது. வாங்கறவங்க போன் நம்பரை அடிச்சாப் போதும், அவங்க பேருக்குப் போயிடும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அது யாரு நம்பருன்னு மெஷின் எதிர்க்கேள்வி கேக்காதுங்க. கேக்க வேண்டியது நீங்க."

சம்யுக்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், இப்படிச் சொல்லியா விக்கறீங்க? மேடம், ஒருத்தர் சாப்பாடு இன்னொருத்தர் பேர்ல ஏறிடுச்சுன்னா அப்புறம் கஷ்டப்படப்போறது நீங்க. விழியில தப்பே நடக்காது."

தப்பே நடக்காத கடை எந்த ஊரில் இருக்கிறது என்று அவளிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. என் கடையில் பாதி வியாபாரம் ரகசியம். அதை அந்தக் குழந்தைக்கு எப்படி விளக்குவது?

மிருதுளா என்று ஒரு பெண் வருவாள். பிறந்த வீட்டில் எல்லாம் தின்று வளர்ந்தவள். வாக்கப்பட்ட வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டாது. வாரம் ஒரு நாள், தன் இரண்டு பெண்களையும் டியூஷனில் விட்டுவிட்டு வந்து அரைக்கிலோ சாசேஜ் வாங்குவாள். பின்பக்க அறையில் நான் வறுத்துக் கொடுப்பேன். பாதியை அங்கேயே தின்றுவிட்டு, மீதியைக் காரில் வைத்துப் பெண்களுக்குக் கொடுத்து, மூன்று பேரும் வாய் கொப்பளித்து ஏலக்காய் மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அடுத்தது சுபேதார் மேகவண்ணன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு முழுக்கச் சர்க்கரை. காலையில் பேக்கன் இல்லையென்றால் அவருக்குப் பொழுது விடியாது. அப்புறம் யோகா மாஸ்டர் திவாகர். மலைமேல் இருக்கிற ரிசார்ட்டில் வெளியூர்க்காரர்களுக்குச் சாத்வீக உணவைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, இறங்கி வந்து சலாமி வாங்குகிற மனிதர். இவர்கள் முகத்தை மெஷின் பார்த்தால் அன்றோடு சரி, கடைப்பக்கம் திரும்ப மாட்டார்கள்.

எண்ணியை வாங்கினேன். அலோசியஸ் புகை அறைக்குத் திரும்பிப் போனார். டிசம்பரில் நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்ததிலிருந்து அவர் பேச்சே குறைந்துபோயிருந்தது. இருதயத்தில் மூன்று அடைப்பு. ஆகஸ்டில் ஆபரேஷன் என்று வரிசையில் இடமும் வந்துவிட்டது. அதுவரை பன்றிக்கறி ஒரு கிராம்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் முதல் தேதி மெஷின் வேலையைத் தொடங்கியது. முதலில் வந்தவர் சுபேதார்.

"நம்பர் சொல்லுங்கண்ணே."

"எதுக்குத் தங்கச்சி? கண்ணுல சதை வளர்ந்திருக்கு, ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். இது அங்க போச்சுன்னா என்னைத் தூக்கிக் கடைசில போட்டுருவான். ஏதாச்சும் ஒரு நம்பரைப் போட்டு உடு."

ஏதாவது ஒரு நம்பர் என்றால் விரல் எங்கே போகும்? இருபத்திரண்டு வருடமாக பில்லிலும் பையிலும் பலகையிலும் அச்சடித்திருக்கிற நம்பர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய நம்பர். அடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

மிருதுளாவுக்கும் அதே நம்பர். திவாகருக்கும் அதே நம்பர். மற்றவர்கள் அவரவர் நம்பரைச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அவர்களே சொல்லப் பழகிவிட்டார்கள்: "கடை நம்பர் போட்டுக்குங்க." பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. புத்தி புல் மேயப் போயிருந்த நேரம்.

*

ஜூலை கடைசியில் உதகையிலிருந்த உணவுநல அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்பு என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மதிப்பீட்டு அதிகாரியின் பெயர் கமலவேணி. என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஏப்ரல் ஒண்ணு, பேக்கன் எண்ணூறு கிராம். மூணு, சாசேஜ் அரைக்கிலோ. ஆறு, சலாமி கால் கிலோ." நிறுத்திவிட்டு அலோசியஸைப் பார்த்தார். "நாலு மாசத்துல மொத்தம் இருபத்தொம்பது கிலோ இருநூறு கிராம் ஐயா. அத்தனையும் பன்னி. இந்தப் பக்கம் பாத்தா இருதயத்துல மூணு அடைப்புன்னு ரிப்போர்ட் இருக்கு. ரெண்டும் ஒரே ஆளோடதுதானே?"

அந்த சிம்மைக் கடை திறந்த வருடம் இவருடைய ஆதாரைக் காட்டித்தான் வாங்கினோம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வாங்கிய சிம்மெல்லாம் அவர் பெயரில்தான்; என் பெயரில் ஒன்று வந்ததே பின்னால்தான். எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? கடை நம்பர் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அது அலோசியஸ் என்கிற ஆளின் நம்பர். நான்கு மாதமாக ஊரார் தின்றதையெல்லாம் என் கையாலேயே என் புருஷன் நெஞ்சில் ஏற்றியிருக்கிறேன்.

"மேடம், இது அவரு தின்னது இல்லை," என்றேன். "கடை நம்பர்னு நான்தான் அடிச்சேன். வேற ஆளுங்க வாங்கினது."

"யாரு?"

வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அலோசியஸ் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

கமலவேணி நாற்காலியில் சாய்ந்தார். "அம்மா, என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைக்காதீங்க. இந்த மாவட்டத்துல இருதய வரிசையில மட்டும் ஆயிரத்து இருநூறு பேரு நிக்கறாங்க. உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. உங்க வீட்டுக்காரரை நான் முன்னால விட்டா அதுல ஒருத்தர் பின்னால போவாரு. நீங்க சொல்றதை மட்டும் நம்பி அதை எப்படிச் செய்யட்டும்?"

"அப்ப என்னதான் வழி?"

"பதினஞ்சு நாள் டைம் இருக்கு. வாங்கினவங்க நேர்ல வரணும். ஒவ்வொரு பில்லையும் பாத்து, இது நான் தின்னதுன்னு பெருவிரல் வைக்கணும். அவங்க பேருக்கு மாத்திடுவேன். ரெண்டு கிலோவுக்குக் கீழ வந்துட்டா, தெரியாம நடந்ததுன்னு விட்டுடலாம். இவரு அவரோட எடத்துக்குத் திரும்பிப் போகலாம். இல்லேன்னா கடைசி எடம்தான். அடுத்த வருஷம் ஜூன் மாசம் வரும்."

டாக்டரிடம் போய் ஜூன் என்று சொன்னேன். அவர் அலோசியஸை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "கிறிஸ்துமஸ் தாண்டினா எனக்கு ஆச்சரியம்தாம்மா," என்றார்.

பஸ்ஸில் அலோசியஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அருவங்காடு வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"யாரையும் போய்க் கேக்காதே மெல்டா."

"ஏன்?"

"நம்பி வாங்கிட்டுப் போனாங்க. அவங்களைக் கொண்டுபோய் அந்தம்மா முன்னால நிறுத்துவியா? அதுவுமில்லாம, எல்லாமே அவங்களோடது கெடையாது."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்தும் விழவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். முந்தாநாள் ஹாமை வாங்க வந்தவரிடம் "இது முந்தாநாளோடது, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். ஊர்ப் பழியைப் பங்குபோட்டுத் தன் தலையிலும் கொஞ்சம் வைத்துக்கொள்கிற புண்ணியவான் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

"நீங்க செத்துப்போனா உங்க மரியாதையை நான் ஃபிரேம் போட்டு மாட்டிக்கறேன்," என்றேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

*

மறுநாள் காலை சுபேதார் வந்தார். பேக்கனை வெட்டுவதற்கு முன்னால் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எவ்வளவு தின்னிருக்கேன்?"

"பன்னெண்டு கிலோ இருக்கும்ண்ணே."

"அடேயப்பா." கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிற சரக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது மங்கலாகத்தான் தெரியும். "கண்ணு ஆபரேஷன் ஒரு வருஷம் தள்ளிப்போகும். போகட்டும். இத்தனை நாள் பாத்ததே போதும். என்னைக்கு வரணும்?"

அவருக்கு அன்றைக்கு பேக்கன் வெட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

திவாகர் அரைமணி நேரம் பேசினார். தன் பெயர் ரிசார்ட்டுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், மாணவர்கள் போய்விடுவார்கள், மானம் போய்விடும் என்றார். கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில், "மதிப்பெண் கவர்மென்ட்டுக்குத்தான போகும்? ரிசார்ட்டுக்குப் போகாதுல்ல?" என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். நான்கு கிலோ அவருடையது. வருகிறேன் என்றார். சாத்வீகமான மனிதர்தான், பயந்த சுபாவம், அவ்வளவுதான்.

மிருதுளாவிடம் சொல்வதுதான் கஷ்டம். அவள் கணக்கு எட்டு கிலோ. அது நகராமல் மற்ற எல்லாம் நகர்ந்தும் பிரயோஜனம் இல்லை. அவள் அந்த வாரம் வந்தபோது பின்பக்க அறையில் உட்காரவைத்து, சாசேஜை வறுத்துத் தட்டில் வைத்துவிட்டு, சொன்னேன். அவள் கை தட்டுக்குப் போகவே இல்லை.

"ஆன்ட்டி, எங்க வீட்டுல எல்லாரும் ஒரே குடும்பக் கணக்கு," என்றாள். "எல்லாரோட பதிவும் மாசம் ஒண்ணாந்தேதி மாமனார் போனுக்கு வரும். அவர் சத்தமா படிப்பாரு. யாரு சர்க்கரை ஜாஸ்தி தின்னாங்க, யாரு எண்ணெய் ஜாஸ்தி தின்னாங்கன்னு சாப்பாட்டு மேஜையில உக்காந்து படிப்பாரு. அதுல பன்னிக்கறி எட்டு கிலோன்னு வந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரியாது ஆன்ட்டி. எனக்கு நடக்கறது பரவால்ல. பிள்ளைங்களுக்கு நான் குடுத்தேன்னு தெரிஞ்சா அவங்களை என்கிட்ட விட மாட்டாங்க."

நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். அவள் காலைத் தொட்டாலும் தொட்டிருப்பேன். அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். தட்டு அப்படியே இருந்தது. அதை மெஷினில் யார் பெயரில் ஏற்றுவது என்று தெரியாமல், என் பெயரில் ஏற்றிக் குப்பையில் கொட்டினேன்.

அதன்பிறகு அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள் போனது. ஒவ்வொரு நாளும் ஆறரைப் பூசைக்குப் போய் மாதா முன்னால் நின்று, "அந்தப் பெண் வரட்டும்" என்று வேண்டிக்கொள்ள வாயெடுப்பேன். அவள் பிள்ளைகளின் முகம் ஞாபகத்துக்கு வரும். வேண்டாமல் திரும்பி வருவேன். அலோசியஸ் படியேற இப்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவர் நிற்கிற ஒவ்வொரு தடவையும் சம்யுக்தாவின் குரல் எனக்குக் கேட்கும்: கஷ்டப்படப்போறது நீங்க. விழியை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காதே என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

*

பதினைந்தாம் நாள் காலை நான், அலோசியஸ், சுபேதார், திவாகர் நான்கு பேரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். திவாகர் குரங்குக் குல்லாயை மூக்கு வரை இறக்கிவிட்டிருந்தார். பத்தரைக்குக் கதவைத் திறந்துகொண்டு மிருதுளா வந்தாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக கமலவேணி மேசைக்குப் போனாள். "எட்டு கிலோ என்னுது. எங்க வைக்கணும்?" என்றாள்.

"மிருதுளா..." என்று எழுந்தேன்.

"நேத்து ராத்திரி நானே வீட்டுல சொல்லிட்டேன் ஆன்ட்டி. மாமனார் போன்ல படிச்சுச் சொல்றதை விட நான் சொல்றதே மேல்னு தோணுச்சு." அவள் கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒவ்வொரு பில்லாகத் திரையில் வந்தது. தேதி, மணி, சரக்கு, எடை. சுபேதார் குனிந்து திரையில் மூக்கு முட்டப் பார்த்துப் பார்த்துப் பெருவிரல் வைத்தார். திவாகர் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். மிருதுளா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டு வைத்தாள். முடிய ஒரு மணி நேரமானது.

கமலவேணி கூட்டிக் கழித்தார். மறுபடியும் கழித்தார்.

"மிச்சம் அஞ்சு கிலோ இருநூறு கிராம் நிக்குது," என்றார்.

"இருக்காது மேடம். இவங்க மூணு பேருதான்."

"பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினார். "நூத்தி நாலு பில். எல்லாம் அம்பது அம்பது கிராம். எல்லாமே காலையில ஆறு நாப்பது, ஆறு நாப்பத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் கெடையாது. மத்தபடி ஒரு நாள் விடாம. இது யாரு?"

ஆறு நாற்பதுக்கு நான் பூசையில் இருப்பேன். கடை திறந்திருக்காது. புகை அறையில் இரவெல்லாம் தொங்கிய சரக்கை இறக்குகிற நேரம் அது. உள்ளே ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். தான் செய்ததைத் தான் வாயில் போட்டுப் பார்க்காமல் அடுத்தவருக்கு நறுக்கிக் கொடுக்க மாட்டாத ஆள். டாக்டர் விரலை ஆட்டிச் சொன்ன பிறகும், நெஞ்சில் மூன்று அடைப்பை வைத்துக்கொண்டு, தினமும் ஒரு துண்டு சீவித் தின்று, உப்பும் புகையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். பார்த்ததை ஒளிக்கவும் இல்லை. ஒழுங்காக எடைபோட்டு, தன் நம்பரிலேயே, கிராம் பிசகாமல் ஏற்றிவைத்திருக்கிறார்.

அந்த இடத்திலேயே அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டையே கொடுத்துவிட்டு ஒருத்தி நிற்கிறாள். இவர் என்னடாவென்றால் உப்புப் பார்த்திருக்கிறார்.

அலோசியஸ் தொண்டையைச் செருமினார். "மேடம், அது..."

"என்னுது," என்றேன்.

மிருதுளாவின் போன் அடித்து ஓய்ந்தது.

"உங்களுதா?" என்றார் கமலவேணி.

"ஆமா. காலையில எழுந்தா பசிக்கும். ஒரு துண்டு தின்பேன். கடை நம்பரை அடிச்சேன்."

"இத்தனை நாளா சொல்லலையே?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் என்னையும் பார்த்தார், அலோசியஸையும் பார்த்தார். இருபது வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் புரியாமல் இருக்குமா? "அம்மா, விரல் வச்சா அது சாட்சி சொன்ன மாதிரி. உங்க மதிப்பெண் எம்பத்திரண்டு இருக்கு. இது ஏறினா நாப்பதுக்குப் போயிடும். மூணு வருஷத்துக்கு உங்களுக்கு என்ன வந்தாலும் முன்வரிசை கெடையாது. யோசிச்சு வைங்க."

அலோசியஸ் எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த மனிதருக்குப் பொய்யின் பக்கத்தில் நிற்கக்கூடத் தெரியாது. பக்கத்தில் இருந்த சுபேதார் ஒரு கையை நீட்டி அவர் தோளைத் தடவிக் கண்டுபிடித்து, அழுத்தினார்.

"உக்காருங்க சார்," என்றார். "நாங்க மூணு பேரு இங்க வந்தாச்சு. தயவுசெஞ்சு உக்காருங்க."

அலோசியஸ் மிருதுளாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்தார்.

நான் விரலை வைத்தேன். நூற்று நான்கு தடவை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் விரல் வைக்கிற பெட்டி பச்சை விளக்கைக் காட்டியது. கடைசியில் கமலவேணி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இருபத்தொண்ணாந்தேதி ஆபரேஷன். முந்தின நாளே வந்து அட்மிட் ஆயிடுங்க," என்றார்.

அலோசியஸுக்காகப் பின்னால் தள்ளப்பட்ட ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்தால் என்னால் தூங்க முடியாது. இது பாவம்தான் என்று எனக்குத் தெரியும், இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. விழியை வாங்கியிருந்தால் ஊரார் தின்றது ஒரு கிராம்கூட இவர் பெயரில் ஏறியிருக்காது. ஆனால் காலை ஆறு நாற்பதுக்கு அந்தக் கண் இவரைப் பார்த்திருக்கும். ஐந்து கிலோ இருநூறு கிராம் அப்போதும் இருந்திருக்கும், அதை யார் பெயருக்கும் நகர்த்தியிருக்க முடியாது. நான் பதினைந்து நாளாகத் திட்டித் தீர்த்த கறுப்புப் பெட்டிதான் எனக்குப் பொய் சொல்ல இடம் கொடுத்தது.

அலோசியஸ் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அந்த மெஷின்ல என் பேர்ல உண்மையா இருந்தது அது ஒண்ணுதான் மெல்டா. மத்ததெல்லாம் நீ போட்ட பொய். அதையும் பொய்யாக்கிட்டே."

"ஆமா," என்றேன். "இன்னும் இருபது வருஷத்துக்கு இதையே சொல்லிச் சொல்லித் திட்டுங்க. நான் கேட்டுக்கறேன்."